கை பழகியவரும் தோற்கும் தேர்வு: இதய மருத்துவப் பயிற்சியாளர் எழுதும் அறிவுத் தேர்வு எப்படிப்பட்டது?

கோலாலம்பூரில் ஒரு கல்யாண வீடு. அம்மா மட்டும் வந்திருக்கிறார். "தம்பி வரவில்லையா?" என்று கேட்பவர்களிடம், "பரீட்சைக்குப் படிக்கிறான்" என்கிறார். கேட்டவருக்குக் குழப்பம். அந்தத் தம்பிக்கு வயது முப்பத்து மூன்று. டாக்டராகிப் பத்தாண்டு ஆகப்போகிறது. அரசாங்க மருத்துவமனையில் தினமும் நோயாளிகளைப் பார்க்கிறார். இன்னும் என்ன பரீட்சை?

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று பிறகு வரும். வாரம் முழுவதும் ஆஞ்சியோகிராம் செய்கிறவர், நள்ளிரவில் மாரடைப்போடு வருகிறவருக்கு ஸ்டென்ட் வைத்து உயிரைக் காப்பாற்றுகிறவர், அறிவுத் தேர்வில் தவறிவிடுகிறார். வீட்டார் நேரம் சரியில்லை என்கிறார்கள். உடன் வேலை செய்கிறவர்கள் கேள்வித்தாள் கடினம் என்கிறார்கள். உண்மைக் காரணம் வேறு. அது விளங்க, தேர்வின் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தத் தேர்வு எந்தப் படியில் வருகிறது

மலேசியாவில் இதய நிபுணராவதற்கான பாதை நீளமானது. அதன் படிகள் இவை:

1. மருத்துவப் பட்டம். அதன்பின் குறைந்தது இரண்டு ஆண்டு ஹவுஸ்மேன் பயிற்சி. பிறகு மெடிக்கல் ஆபிசர்.

2. பொது மருத்துவத்தில் நிபுணத்துவம். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு முதுகலைப் படிப்பு. மற்றொன்று, பிரிட்டனின் ராயல் மருத்துவர்கள் கல்லூரிகள் நடத்தும் எம்.ஆர்.சி.பி. அது மூன்று பகுதிகள் கொண்டது: இரண்டு எழுத்துத் தேர்வுகளும், நோயாளிகளை நேரில் பரிசோதித்துக் காட்டும் ஒரு செய்முறைத் தேர்வும்.

3. பொது மருத்துவ நிபுணராக அரசிதழில் பெயர் வந்த பிறகு, இதயப் பிரிவில் ஏறக்குறைய மூன்றாண்டு உட்பிரிவுப் பயிற்சி.

4. அதன் முடிவில் தேசிய நிபுணர் பதிவேட்டில் இதய மருத்துவராகப் பெயர் சேர்த்தல். 2017 ஜூலை முதல் இந்தப் பதிவேடு சட்டத்தின்கீழ் மலேசிய மருத்துவ மன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது.

இந்தக் கட்டுரை பேசும் அறிவுத் தேர்வு மூன்றாம் படியைச் சேர்ந்தது. ஐரோப்பிய இதயவியல் சங்கமும் அதன் கூட்டு அமைப்புகளும் நடத்தும் ஐரோப்பிய அடிப்படை இதயவியல் தேர்வை இங்கே மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனில் இதயப் பிரிவுப் பயிற்சியை முடிக்க அதில் தேறியாக வேண்டும். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ பயிற்சி பெறுகிறவர் அதையே எழுதினாலும், அதே அமைப்பில் உள்ள வேறொன்றை எழுதினாலும், தயாராகும் முறை ஒன்றுதான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். 2024-இல் இதய மருத்துவப் படிப்பைப் பற்றி நாளிதழ்களில் வந்த சர்ச்சை இதய அறுவை சிகிச்சை நிபுணர்களைப் பற்றியது. எடின்பர்க் அறுவை மருத்துவர்கள் கல்லூரியின் தகுதியைப் பெற்றவர்களை இங்குள்ள பதிவேட்டில் சேர்ப்பதா என்பதே அன்றைய வழக்கு. அந்த ஆண்டு ஜூலையில் மக்களவை மருத்துவச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்கிறவர் அறுவை நிபுணர். மருந்தாலும், கை அல்லது தொடை வழியாகச் செலுத்தும் மெல்லிய குழாயாலும் சிகிச்சை தருகிறவர் இதய மருத்துவர். இருவரின் பயிற்சியும் வேறு, தேர்வும் வேறு.

தாளில் என்ன இருக்கிறது

120 கேள்விகள், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் கிடைக்கும். அதற்குள் நோயாளியின் கதையைப் படித்து, இதயத்தின் மின்பதிவான ஈ.சி.ஜி.யையோ அதன் ஒலியலைப் படமான எக்கோவையோ பார்த்து, ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே எந்தக் கேள்வியையும் வெறுமையாக விட்டு வருவதில் பயனில்லை.

ஐந்து விடைகளில் நான்கு தவறு, ஒன்று சரி என்று எண்ணிக்கொண்டு போனால் இந்தத் தேர்வு புரியாது. பல கேள்விகளில் இரண்டு அல்லது மூன்று விடைகள் செய்யக்கூடியவைதான். அவற்றில் 'இந்த நோயாளிக்கு, இந்த நேரத்தில், முதலில் எது' என்பதே கேள்வி. எஸ்.பி.எம். காலத்திலிருந்து சரி, தவறு என்று பழகி வந்த மூளைக்கு இது புதிது. மருத்துவ அறிவுக்கு மேலே இங்கே எடை போடப்படுவது வரிசை: எது முதல், எது பிறகு, எது இப்போது கூடாது.

தேர்ச்சி மதிப்பெண் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தகைய தேர்வுகளில் பரவலாக உள்ள முறை, நிபுணர் குழு ஒவ்வொரு கேள்வியையும் எடுத்துக்கொண்டு, 'தேறுவதற்கு மட்டுமட்டாகத் தகுதியுள்ள நூறு பயிற்சியாளர்களில் எத்தனை பேர் இதற்குச் சரியாக விடையளிப்பார்கள்' என்று மதிப்பிடுவது. அந்த மதிப்பீடுகளின் சராசரிதான் எல்லைக்கோடு. தாள் கடினமாக இருந்தால் கோடும் இறங்கும். ஆகவே தாள் கடினம் என்பது மட்டும் தோல்விக்குக் காரணமாகாது.

ஒரு கேள்வியைப் பிரித்துப் பார்ப்போம்

பின்வருவது விளக்கத்துக்காக எழுதிய மாதிரிக் கேள்வி. நோயாளி நம் ஊர்க்காரர்.

செந்தூலைச் சேர்ந்த 34 வயது ஆண். மூன்று நாளாகக் காய்ச்சல், உடல் வலி. டெங்கி என்று உறுதியாகி வார்டில் இருக்கிறார். உடல் வெப்பம் 39.4 டிகிரி. பிளேட்லெட் எண்ணிக்கை 62,000. நெஞ்சு வலி இல்லை. மயங்கி விழுந்ததில்லை. குடும்பத்தில் யாரும் இளவயதில் திடீரென்று இறந்ததில்லை. வழக்கமாக எடுத்த ஈ.சி.ஜி.யில் வி1, வி2 தடங்களில் எஸ்.டி. பகுதி 2 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்து, மலைச்சரிவு போல வளைந்து இறங்கி, தலைகீழான டி அலையில் முடிகிறது. இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனின் ரத்தச் சோதனை இயல்பு. அடுத்து செய்ய வேண்டியது எது?

அ. அவசர ஆஞ்சியோகிராம்
ஆ. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி
இ. காய்ச்சலைத் தணித்து, இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணித்து, காய்ச்சல் இறங்கியதும் மீண்டும் ஈ.சி.ஜி.
ஈ. ஐ.சி.டி. கருவி (ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் நிறுத்துவது) பொருத்துதல்
உ. ஃப்ளெக்கனைடு மாத்திரை

எஸ்.டி. உயர்ந்திருக்கிறது என்று கண்டதும் கை மாரடைப்பை நோக்கிப் போகும். மாரடைப்புப் பிரிவில் பழகிய கைக்கு அது இயல்பு. ஆனால் படத்தின் வடிவம் வேறொன்றைச் சொல்கிறது. இது 1992-இல் புருகாடா சகோதரர்கள் விவரித்த நோய்க்குறியின் முதல்வகை வடிவம். தென்கிழக்கு ஆசியாவில் இது அதிகம் காணப்படுகிறது. நலமாக இருந்த இளைஞர் இரவில் தூக்கத்திலேயே இறந்துபோகும் நிகழ்வுகளோடு இதற்குத் தொடர்பு உண்டு. இதயத் தசையில் மின்னோட்டத்தைத் தாங்கும் சோடியம் வாயில்கள் இதில் பலவீனமாக இருக்கின்றன. உடல் வெப்பம் ஏறும்போது அந்தப் பலவீனம் வெளிப்படுகிறது. அதனால்தான் காய்ச்சலில் இந்த வடிவம் தோன்றி, காய்ச்சல் இறங்கியதும் மறைகிறது.

இனி விடைகளைப் பார்ப்போம். கட்டி கரைக்கும் ஊசி 62,000 பிளேட்லெட் உள்ள டெங்கி நோயாளிக்கு ரத்தக் கசிவை உண்டாக்கிக் கொன்றுவிடக்கூடும். ஃப்ளெக்கனைடு சோடியம் வாயிலை மேலும் அடைக்கும் மருந்து. எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். வலியும் இல்லை, டிரோபோனினும் இயல்பு என்றால் ஆஞ்சியோகிராமுக்குக் காரணமில்லை. மீதி இருப்பவை இரண்டு. ஐ.சி.டி. என்பதை 'புருகாடா என்றால் ஐ.சி.டி.' என்று மனப்பாடம் செய்தவர் தேர்ந்தெடுப்பார். ஆனால் இதயம் நின்று மீண்டவருக்கும், நீடித்த ஆபத்தான கீழறைத் துடிப்பு பதிவானவருக்கும்தான் அது உறுதியான பரிந்துரை. துடிப்புக் கோளாறால் மயங்கியதாகத் தோன்றுகிறவருக்கு அது பரிசீலிக்கத் தக்கது. இவருக்கு இந்த மூன்றும் இல்லை. விடை இ.

இந்த ஒரு கேள்வியில் மின்னியல், மருந்தியல், டெங்கி, கருவி பொருத்தும் விதிகள் நான்கும் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் படித்தவர்கள் பலர். ஒன்றரை நிமிடத்தில் ஒரே நோயாளியின்மேல் பொருத்திப் பார்த்துப் பழகியவர்கள் குறைவு.

கை பழகியவர் எங்கே சறுக்குகிறார்

1. மருத்துவமனை காட்டும் உலகம் குறுகியது.

மலேசியாவில் இறப்புக் காரணங்களில் இதய ரத்தக்குழாய் அடைப்பு நோய் பல ஆண்டுகளாக முன்னணியில் இருந்து வருகிறது. 2021-இல் கோவிட்-19 அதை முந்தியது. ஆகவே எந்தப் பெரிய மருத்துவமனையின் இதய வார்டுக்குப் போனாலும் அடைப்பு, ஸ்டென்ட், இதயச் செயலிழப்பு இவையே நிறைந்திருக்கும். பயிற்சியாளரின் கையும் அதிலேயே பழகுகிறது. தேர்வு அப்படியில்லை. பிறவி இதயக் குறையோடு வளர்ந்து பெரியவரானவர், உலோக வால்வு வைத்த கர்ப்பிணி, மாரத்தான் ஓட்டக்காரரின் தடித்த இதயம், புற்றுநோய் மருந்தால் தளர்ந்த இதயத் தசை, பேஸ்மேக்கரின் அமைப்பு என்று பாடத்திட்டம் முழுவதையும் அது தொடுகிறது. மூன்றாண்டில் இரண்டே முறை பார்த்த நோயிலிருந்து நான்கு கேள்வி வந்துவிடலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய மைட்ரல் வால்வை நம் பயிற்சியாளர் வெறும் ஸ்டெதஸ்கோப்பில் கண்டுபிடித்துவிடுவார். அந்த நோயாளிக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகள் ஒழுங்கின்றி அதிரும் நிலை, வந்தால் புதுவகை ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளைத் தராமல் வார்ஃபரின்தான் தர வேண்டும் என்பதும் அவருக்குப் பழக்கம். 2022-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றும் அந்தப் புதுவகையைச் சேர்ந்த ரிவராக்சபானைவிட வார்ஃபரின் வகையே இவர்களுக்கு நல்லது என்று காட்டியது. நம் வார்டுகள் தந்த இந்தப் பலத்தைப் பயிற்சியாளர்கள் தாங்களே குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

2. வார்டின் வழக்கம் வேறு, தாளின் வழக்கம் வேறு.

தோல்விக்கு முதன்மையான காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. எஸ்.டி. உயர்ந்த மாரடைப்பில், கண்டறிந்த நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் அடைப்பைக் குழாய் வழியாகத் திறக்க முடியும் என்றால் அதுவே முதல் தேர்வு. முடியாது என்றால் பத்து நிமிடத்துக்குள் கட்டி கரைக்கும் ஊசி. பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, ஊசி வேலை செய்திருந்தால் 2 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம். இது ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் சிகிச்சை நெறி.

இப்போது கெடாவின் உட்பகுதியில் உள்ள சிறிய மருத்துவமனை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். பினாங்குக்கு ஆம்புலன்ஸ் போய்ச் சேர்வதற்கே ஒன்றரை மணி நேரம். வாசலிலிருந்து ஆஞ்சியோகிராம் மேசைக்குப் போக இன்னும் நேரம். அங்குள்ள மருத்துவர் ஊசியைப் போடுகிறார், சரியான முடிவு. ஆனால் எந்த ஊசி? நம் நாட்டில் நெடுங்காலம் கையாண்ட ஸ்ட்ரெப்டோகைனேஸா, டெனெக்டெப்ளேஸ் போன்ற, ரத்தக் கட்டியின் நாரான ஃபைப்ரினைக் குறிவைக்கும் மருந்தா? வார்டில் கையிருப்பைப் பார்த்து முடிவு செய்கிறோம். தாளில் கையிருப்பு என்ற ஒன்று கிடையாது. ஐரோப்பிய நெறி எதைச் சொல்கிறதோ, அதாவது இரண்டாவது வகை, அதுவே விடை.

ஆகவே பயிற்சியாளர் ஒவ்வொரு நோய்க்கும் இரண்டு விடைகளை மனத்தில் வைத்திருக்க வேண்டும்: மலேசிய சுகாதார அமைச்சின் சி.பி.ஜி. என்ற சிகிச்சை வழிகாட்டி சொல்வது, ஐரோப்பிய நெறி சொல்வது. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். வேறுபடும் இடங்களை மட்டும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிவந்தால் சில பக்கங்களில் முடிந்துவிடும். அந்தச் சில பக்கங்களுக்கு மதிப்பு அதிகம்.

3. நெறிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

ஐரோப்பியச் சங்கம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் இறுதியை ஒட்டி நடக்கும் மாநாட்டில் புதிய நெறிகளை வெளியிடுகிறது. ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஒரு வகுப்பு இருக்கும். முதல் வகுப்பு என்றால் செய்ய வேண்டும். இரண்டு-ஏ என்றால் பரிசீலிக்க வேண்டும். இரண்டு-பி என்றால் பரிசீலிக்கலாம். மூன்று என்றால் செய்யக் கூடாது. 'செய்ய வேண்டும்' என்பதற்கும் 'பரிசீலிக்கலாம்' என்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் 'மிகச் சிறந்த விடை' பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது.

பெருநாடி வால்வு கடுமையாகச் சுருங்கிய 72 வயதுக்காரருக்கு அறுவை சிகிச்சையா, தொடை வழியாக வைக்கும் வால்வா? 2021 நெறியில் வயதுக் கோடு 75. அதன்படி அறுவை ஆபத்து குறைவாக உள்ள இவருக்கு அறுவை சிகிச்சை. 2025 நெறியில் கோடு 70-க்கு இறங்கியது. உடலமைப்பு பொருந்தினால் தொடை வழி. பழைய கேள்வித் தொகுப்பை வைத்துப் படித்தவர் இங்கே நம்பிக்கையோடு தவறாக விடையளிப்பார்.

எல்லா மாற்றமும் இப்படி விடையைப் புரட்டிப்போடுவதில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் பக்கவாத ஆபத்தைக் கணக்கிடும் சாட்ஸ்-வாஸ்க் புள்ளிமுறையில் பெண்களுக்கு ஒரு புள்ளி கூடுதலாக இருந்தது. 2024 நெறி அந்தப் புள்ளியை எடுத்துவிட்டு, சாட்ஸ்-வா என்ற முறையைக் கொண்டுவந்தது. வேறு நோய் எதுவும் இல்லாத 66 வயதுப் பெண்ணுக்கு முன்பு 2, இப்போது 1. ஆனால் முன்பும் அவருக்கு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையைப் பரிசீலிக்க வேண்டும், இப்போதும் அப்படியே. எண் மாறியது, முடிவு மாறவில்லை. எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது புதுப் பாடம். முடிவின் காரணத்தை அறிந்தவருக்கு ஒரு வரித் திருத்தம்.

4. இயந்திரம் செய்து தருவதைக் கை மறந்துவிட்டது.

எக்கோ இயந்திரம் பெருநாடி வால்வின் பரப்பைத் தானே கணக்கிட்டுத் திரையில் காட்டுகிறது. தாளில் எண்கள் மட்டும் இருக்கும். கணக்கின் அடிப்படை எளிது: இடது கீழறையிலிருந்து புறப்படும் ரத்தம் எவ்வளவோ, அவ்வளவுதான் வால்வைக் கடக்க முடியும். வால்வுக்குக் கீழே உள்ள பாதையின் விட்டம் 2.0 சென்டிமீட்டர் என்றால் அதன் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். அங்கே ஒரு துடிப்பில் ரத்தம் 20 சென்டிமீட்டர் நகர்கிறது. ஆக, ஒரு துடிப்பில் வெளியேறுவது ஏறக்குறைய 63 மில்லிலிட்டர். வால்வில் அதே ரத்தம் 80 சென்டிமீட்டர் பாய்கிறது. 63-ஐ 80-ஆல் வகுத்தால் பரப்பு 0.79 சதுர சென்டிமீட்டர். 1.0 வரை கடுமையான சுருக்கம். ஆகவே இது கடுமையானது.

ஆனால் அதே நோயாளியின் வால்வுக்கு இருபுறமும் உள்ள சராசரி அழுத்த வேறுபாடு 28 மில்லிமீட்டர்தான். கடுமையானதற்கு 40 வேண்டும். இரண்டில் எது உண்மை? உடற்பரப்பு 1.9 சதுர மீட்டர் என்று கேள்வியில் ஓரமாகச் சொல்லியிருப்பார்கள். 63-ஐ அதால் வகுத்தால் 33. 35-க்குக் கீழே என்றால் ஓட்டமே குறைவு. ஓட்டம் குறைந்த இடத்தில் அழுத்த வேறுபாடும் குறைவாகத்தான் காட்டும். இதயத் தசை தளர்ந்திருந்தால், அடுத்து இதயத்தின் சுருக்கத்தை வலுப்படுத்தும் டோபியூட்டமின் மருந்து கொடுத்து எக்கோ. தசை வலுவாக இருந்தால், சி.டி.யில் வால்வின் கால்சியம் அளவு. ஆண்களுக்கு 2,000, பெண்களுக்கு 1,200 தாண்டினால் கடுமையான சுருக்கத்துக்கு வாய்ப்பு அதிகம்.

இதை ஒருமுறை தாளில் கையால் போட்டுப் பார்த்தவருக்கு இன்னொன்றும் தெரியவரும். 2.0 என்ற விட்டத்தை 1.8 என்று அளந்தால் வால்வின் பரப்பு 0.64 ஆகிவிடும். விட்டம் வர்க்கமாவதால் சிறு பிழையும் பெரிதாகிறது. எக்கோ அறிக்கையில் எந்த எண்ணை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கு தரும் அறிவு. அது வார்டிலும் உதவும்.

எப்படித் தயாராவது

திரும்பத் திரும்ப வாசிப்பதே படிப்பு என்று பள்ளியிலிருந்து பழகியிருக்கிறோம். 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் வெளியிட்ட சோதனை இதற்கு நேர்மாறானதைக் காட்டியது. ஒரு குழு ஒரு பத்தியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே மேல்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. நன்றாகப் படித்துவிட்டோம் என்ற உணர்வு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எனவே தயாரிப்பில் பாதிக்கு மேல் கேள்விகளுக்கு விடையளிப்பதாகவே இருக்க வேண்டும்.

1. தேர்வு ஜூனில் என்றால், முந்தைய ஆண்டு இறுதியிலேயே தொடங்குவது நல்லது. ஆகஸ்ட் இறுதியில் வந்த நெறிகளும் அதற்குள் கையில் இருக்கும். முதல் வேலை, படிக்காமலே ஒரு முழு மாதிரித் தாளை எழுதுவது. எந்தப் பிரிவில் ஓட்டை என்று தெரியாமல் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால், தெரிந்த மாரடைப்பையே மறுபடியும் படித்துக்கொண்டிருப்போம்.

2. ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரு காரணம் எழுத வேண்டும்: தெரியவில்லையா, தெரிந்தும் வார்டு வழக்கத்தால் மாற்றிப் போட்டேனா, கேள்வியை அவசரமாகப் படித்தேனா. மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்குப் படிப்பு. இரண்டாவதற்கு அந்த நோட்டுப்புத்தகம். மூன்றாவதற்கு உறக்கம்.

3. உறக்கம் என்று எழுதியதை அலட்சியம் செய்யக் கூடாது. ஆன்-கால் முடிந்த அன்று மாலை புதுப்பாடம் ஏறாது. அன்று பத்து ஈ.சி.ஜி. மட்டும் பார்த்துவிட்டுப் படுப்பது நல்லது. ஆன்-கால் பட்டியல் வந்ததும் படிப்புப் பட்டியலை அதற்கேற்பத் திருத்துகிறவர்கள் நீடித்துப் படிக்கிறார்கள். தினமும் நான்கு மணி நேரம் என்று எழுதிவைத்தவர்கள் மூன்றாவது வாரத்திலேயே சோர்ந்துபோகிறார்கள்.

4. வார்டில் பார்த்த ஒரு நோயாளியை அன்றிரவே ஒரு கேள்வியாக எழுத வேண்டும், நான்கு நம்பத்தக்க தவறான விடைகளோடு. நல்ல தவறான விடையை உருவாக்க, அது ஏன் தவறு என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்று பேர் சேர்ந்து வாரம் ஆளுக்கு ஐந்து எழுதிப் பகிர்ந்தால், ஆறு மாதத்தில் ஏறக்குறைய நானூறு கேள்விகள் சேரும். அத்தனையும் நம் ஊர் நோயாளிகள்.

5. புள்ளியியலை ஒதுக்காதீர்கள். சில மணி நேர உழைப்புக்கு உறுதியான மதிப்பெண் தரும் பகுதி அது. 2019-இல் வெளிவந்த டாபா-எச்எஃப் ஆய்வில் இதயச் செயலிழப்பு நோயாளிகளில் டாபாக்ளிஃப்ளோசின் மருந்தைப் பெற்றவர்களில் 16.3 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 21.2 சதவீதத்தினருக்கும் இதயச் செயலிழப்பு மோசமடைந்தது அல்லது இதயநோயால் இறப்பு நேர்ந்தது. வித்தியாசம் 4.9. நூறை அதால் வகுத்தால் ஏறக்குறைய 20.4, மேல்நோக்கி முழுமையாக்கினால் 21. ஒருவருக்கு அந்த விளைவைத் தடுக்க 21 பேருக்கு மருந்து தர வேண்டும். இந்த ஒரு கணக்கைப் போடத் தெரிந்தால் அந்த வகைக் கேள்விகள் எல்லாம் ஒன்றுதான்.

வீட்டாருக்கும் ஒரு பங்கு உண்டு. முப்பதைத் தாண்டியவருக்கு மனைவி அல்லது கணவர், கைக்குழந்தை, வீட்டுக் கடன், வயதான பெற்றோர் எல்லாமே இருக்கும். அவருக்கு வேண்டியது வாரத்தில் இரண்டு மாலைகளும், ஞாயிறு காலையில் அரை நாளும் தடையில்லாமல் கிடைப்பது. "எப்போதும் படிக்கிறாயே" என்று கேட்பதைவிட, எந்த நேரம் படிக்கிறார் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

மருத்துவமனைகளின் பங்கு இன்னும் பெரிது. தேர்வுக்கு முந்தைய வாரம் பயிற்சியாளரை இரண்டு ஆன்-காலில் போட்டுவிட்டு, பிறகு அவர் தவறினார் என்று வருந்துவதில் நியாயமில்லை. பட்டியல் போடுகிறவருக்கு ஆள் பற்றாக்குறை என்பது உண்மை. ஆனாலும் தேர்வு நாள் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்த ஒன்று.

தேறினால், தேறாவிட்டால்

ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் தேர்வில் தவறினால் அடுத்தது பன்னிரண்டு மாதம் கழித்து. அதனால் அந்தத் தோல்வி கனமாகத் தெரிகிறது. தவறியவர் முதலில் செய்ய வேண்டியது, பிரிவுவாரியான மதிப்பெண் கிடைத்தால் அதைத் தம்முடைய தவறுகளின் நோட்டுப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. மொத்தப் பாடத்தையும் மறுபடி படிக்க வேண்டிய நிலை அரிது. ஓரிரு பிரிவுகளில்தான் பள்ளம் இருக்கும்.

தேறியவரிடம் உள்ளது, நோயாளியின் கதையை வைத்துச் சரியான வரிசையில் முடிவெடுக்கத் தெரியும் என்பதற்கான சான்று. குழாயைச் செலுத்தும் கை, மோசமான செய்தியை நோயாளியின் மனைவியிடம் சொல்லும் பக்குவம், விடியற்காலை மூன்று மணிக்குக் குழுவை நடத்தும் நிதானம் ஆகியவற்றைப் பல்தேர்வுத் தாள் அளக்காது. அவற்றைச் செய்முறைப் பதிவேடும், மேற்பார்வை செய்யும் நிபுணர்களின் மதிப்பீடும் அளக்கின்றன. செய்முறைப் பதிவேட்டில் நிரப்ப வேண்டிய எக்கோ, ஆஞ்சியோகிராம், தற்காலிக பேஸ்மேக்கர் எண்ணிக்கைகள் தேர்வு முடிந்த மறுநாளும் அப்படியே காத்திருக்கும். அவை நிறைந்து, பயிற்சிக் காலமும் முடிந்த பிறகே தேசிய நிபுணர் பதிவேட்டுக்கு விண்ணப்பிக்க முடியும்.